பார்க்காமல் போட்ட டிக்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை மாமியார் சொன்னால் சண்டைக்குப் போவேன். நானாகச் சொல்லிக்கொண்டால் தப்பில்லை. போன மாதம் எங்கள் சர்வீஸ் கம்பெனியில், நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வேலைத் தாளில் ஒரு கட்டத்தில் பார்க்காமலேயே டிக் போட்டிருந்தார். அவர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தபோது நான் நாலு பேர் முன்னால், "உங்களுக்கெல்லாம் கண்ணு எதுக்கு இருக்கு? கண்ணாடி மாட்டிக்கவா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

எனக்கு மேலதிகாரி என் கொழுந்தன். கணவரின் தம்பி. பிள்ளை பெற்று, பத்து வருடம் வீட்டோடு கிடந்தவளை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று கம்பெனியில் கையை விரித்தபோது, "எங்க அண்ணி ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கீழ போட மாட்டாங்க" என்று சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றத்தான் ஆறு வருடமாக நான் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

நெட்டை போன சில நாளில் எனக்கு வந்த வேலை ஓர் ஆஸ்பத்திரி சர்வர். அதில் இரண்டு கோளாறு. இரண்டு பிராசஸர்களில் இரண்டாவது அடிக்கடி பிழை காட்டியது. கேஷ் கார்டின் பேட்டரியும் வயதாகி, மாற்று மாற்று என்று ஒரு வாரமாக அலாரம் அடித்துக்கொண்டிருந்தது.

கேஷ் கார்டு என்றால் என்ன என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். ஆபீஸில் மனு வாங்கும் கிளார்க் ஒருவர், "வாங்கிட்டேன், போங்க" என்று சொல்லிவிட்டு மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார், கை ஒழிந்தபோது எடுத்து ஃபைலில் கோப்பார், அந்தச் சட்டைப் பைதான் கேஷ் கார்டு, ஃபைல்தான் டிஸ்க் என்று சொன்னேன். பைக்குள் மனு இருக்கும்போது கரண்ட் போய்விட்டால், கார்டோடு குட்டி வயரில் இணைந்திருக்கும் பேட்டரி அதைக் கொஞ்ச நேரம் உயிரோடு வைத்திருக்கும். அப்போது கார்டில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று மினுக்கும். அது மினுக்கினால், உள்ளே இன்னும் எழுதாதது இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பேட்டரி வயரைப் பிடுங்கினால் எல்லாம் போச்சு.

அதனால் எங்கள் வேலைத் தாளின் இரண்டாவது கட்டம் இது: கார்டு விளக்கு அணைந்திருக்கிறதா? முறையாக ஷட் டவுன் செய்த சர்வரில் அது எரியாது. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட எரிந்து நான் பார்த்ததில்லை. கையுறை மாட்டிய பிறகு பேனா பிடிப்பதும் தொல்லை. எனவே எங்களில் பாதிப் பேர் எல்லாக் கட்டத்துக்கும் வாசலிலேயே டிக் போட்டுவிடுவோம். நெட்டை மாட்டிக்கொண்டார், நாங்கள் மாட்டவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

அன்றும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பன்னிரண்டு டிக் போட்டு, கையெழுத்தும் போட்டேன். எதிர் பெஞ்சில் ஒரு பெண், மடியில் சின்னச் செருப்பு ஜோடி ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பு இருக்கிறது, பிள்ளையைக் காணோமே என்று மட்டும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவர் ஒல்லியான மனிதர். எதைக் கேட்டாலும் "ஈஸி மேடம்" என்பார். நான் மனதுக்குள் அவருக்கு ஈஸி என்றே பேர் வைத்திருந்தேன். சர்வர் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. முன்பு சக்கர நாற்காலிகள் வைத்த இடம். சக்கரம் போன ஒன்று இன்னும் மூலையில் நின்றது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி.

"ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணியாச்சு மேடம். ஈஸியா ஆயிடுச்சு."

மணி பதினொன்று. மூடியைக் கழற்றினேன். கேஷ் கார்டையும் பேட்டரியையும் வயர் பிரிக்காமல் ஒன்றாக எடுத்து, பக்கத்தில் விரித்த ரப்பர் விரிப்பில் குப்புற வைத்தேன். என் மனசு முழுக்கப் பிராசஸரில் இருந்தது.

பிராசஸர் மாற்றுவது பயமான சோலி. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட் சிங்க் என்ற அலுமினியக் கட்டியைச் சூடு ஆறுவதற்குள் எடுக்க வேண்டும். ஆறிவிட்டால் நடுவில் தடவிய பேஸ்ட் இறுகி, பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கீழே சாக்கெட்டில் முடியைவிட மெல்லிய ஊசிகள் ஆயிரத்துச் சொச்சம். ஒன்று வளைந்தாலும் மொத்த போர்டும் குப்பைக்குத்தான். கட்டியை இழுக்காமல் இடதும் வலதுமாக லேசாகத் திருகினேன். சப்பென்று ஒரு சத்தத்தோடு விட்டது. புதுப் பிராசஸரைச் சாக்கெட்டின் மேல் விட்டபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். சரியாக உட்கார்ந்தது. புதுப் பேஸ்ட், ஹீட் சிங்க், நாலு ஸ்க்ரூ. கொழுந்தன் சொன்னது பொய்யில்லை, ஒன்றைக்கூடக் கீழே போடவில்லை.

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடம். பேட்டரியோடு கார்டையும் சேர்த்து மாற்றுவதுதான் வழக்கம்; பழைய கேஷ் கார்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு முன் பேட்டரி வயரைப் பிரித்துத் தனிப் பையில் போட வேண்டும். கார்டைக் கையில் எடுத்தேன். வயரின் பிளக்கில் நகத்தை வைத்தேன். அழுத்த வாகாகக் கார்டைத் திருப்பினேன்.

பச்சை. அணைந்தது. மறுபடி பச்சை.

நகத்தை எடுத்தேன், என்னவோ கார்டு கடித்துவிட்டதைப் போல.

"உண்மையச் சொல்லுங்க. ஷட் டவுன் கொடுத்தீங்களா, இல்ல பட்டனை அமுக்கினீங்களா?"

ஈஸி மூக்கைச் சொறிந்தார். "கொடுத்தேன் மேடம். ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்க வேற வந்து உக்காந்துட்டீங்க. அதான் பட்டனை நாலு செகண்ட் அமுக்கிட்டேன். ஏன், எதாவது பிரச்சினையா?"

பளாரென்று ஒன்று விடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் அவரை அடித்தால் பாதி அடி எனக்கும் விழ வேண்டும். விளக்கைப் பார்த்திருக்க வேண்டியவள் நான்.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு லேபிலிருந்து ஒரு அம்மா வந்தார். வயது ஐம்பது இருக்கும். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் லேப் அக்கா. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார்.

"தம்பி, பத்தே முக்காலுக்கு ஓட்டின ஆறு ரிசல்ட்டும் எனக்கு வேணும். பிரிண்ட் எடுக்கறதுக்குள்ள நிறுத்திட்டீங்க."

"உங்க மெஷின்ல இருக்குமேக்கா."

"மெஷின் அனுப்பிட்டா அழிச்சிடும். உங்க சர்வர்தான் வாங்கிட்டேன்னு பதில் சொல்லிடுச்சே." அவர் என்னைப் பார்த்தார். "அம்மா, அஞ்சு பேருக்கு மறுபடி ரத்தம் எடுத்துக்கலாம். ஒண்ணு மட்டும் ஆறு வயசுப் பொண்ணு. முதுகுத் தண்டுல ஊசி போட்டு எடுத்த தண்ணி. வந்ததே கொஞ்சம், அத்தனையும் மெஷின்ல போட்டாச்சு. பன்னெண்டரைக்கு டாக்டர் வார்டுக்கு வருவார். ரிசல்ட் இருக்குன்னா கொஞ்சம் காத்திருப்பார். இல்லன்னா மறுபடி ஊசி போட்டுத்தான் ஆகணும். காலையில மூணு பேர் பிடிச்சும் அந்தக் குழந்தை போட்ட சத்தம் லேப் வரைக்கும் கேட்டுச்சு. எங்கயாச்சும் மிச்சம் இருக்குமா, சொல்லுங்க."

மிச்சம் என் உள்ளங்கைக்கு அடியில் மினுக்கிக்கொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் ஈஸி வேலைத் தாளை எடுத்து நீட்டினார். பட்டனை அமுக்கிய கதை வெளியே வந்துவிடக் கூடாது என்ற அவசரம் அவருக்கு. "இதப் பாருங்கக்கா. கார்டு விளக்கு அணைஞ்சிருக்குன்னு மேடம் டிக் போட்டிருக்காங்க. கையெழுத்தும் இருக்கு. அப்படின்னா கார்டு காலின்னு அர்த்தம்."

லேப் அக்கா கண்ணாடியை இறக்கித் தாளைப் படித்தார். பிறகு என்னிடம், "அப்படியாம்மா?" என்றார்.

இருக்கு, எடுத்துத் தர முயற்சி பண்றேன், டாக்டரைக் காத்திருக்கச் சொல்லுங்க. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஊர் வாயெல்லாம் எனக்கே என்று பேசுகிறவள் அந்த நேரத்தில் நெட்டையின் டிபன் பாக்ஸை நினைத்தேன். கொழுந்தன் முகத்தை நினைத்தேன். அன்று நாலு பேர் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது.

"தாள்ல இருக்கறதுதாங்க" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டுப் போனார். நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்: கால் மணி நேரத்தில் எடுத்துவிடுவேன். டாக்டர் வருவதற்குள் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால், விளக்கு எரிந்ததா அணைந்ததா என்று யார் கேட்கப்போகிறார்கள்?

வழி இருந்தது. அதே கார்டை, அதே பேட்டரியோடு, அதே இடத்தில் சொருகி சர்வரைக் கிளப்பினால், பையில் இருப்பதை அது தானே டிஸ்கில் எழுதிவிடும். ஆனால் கிளம்புவது ஒழுங்காகக் கிளம்ப வேண்டும். பாதியில் நின்றால் கார்டு குழம்பிப்போய் எல்லாவற்றையும் துடைத்துவிடலாம். கழற்றி வைத்த பழைய பிராசஸரையும் புதுப் பிராசஸரின் பெட்டியையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணின் கடைசி எழுத்து வேறு. முதல் பிராசஸரோடு ஜோடி சேராமல் போனால் பாதியில்தான் நிற்கும். கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, பெட்டில கடைசி எழுத்து மாறி வந்திருக்கு."

"பரவால்ல அண்ணி. பத்துக்கு ஒன்பது ஏறிடும். ஏறலன்னா வேற அனுப்பறேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? கார்டு விளக்கெல்லாம் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தேன்."

"நீங்க பாக்காமலா" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

பத்தில் ஒன்று. அந்த ஒன்று என் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரியும். என் ராசி அப்படி. புதுப் பிராசஸரைக் கழற்றிவிட்டு, நல்லபடியாக இருந்த முதல் பிராசஸரோடு மட்டும் கிளப்புவதுதான் பத்திரம். அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். பேட்டரியோ சாகக் கிடக்கிறது. விளக்கு முன்பு ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் மினுக்கியது. இப்போது மூன்று எண்ண வேண்டியிருந்தது.

கழற்ற முடிவு செய்தேன். நாலு ஸ்க்ரூ. அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி, அலுமினியத்தில் கீறல் விழுந்தது. பன்னிரண்டு இருபது. கட்டியைத் திருகினேன். புதுப் பேஸ்ட் ஆனதால் சீக்கிரம் விட்டது, ஆனால் விரலெல்லாம் ஈஷிக்கொண்டது. அதைத் துடைக்காமல் சாக்கெட்டுக்கு மேல் கையைக் கொண்டுபோகக் கூடாது. துடைத்தேன். ஈஸி டார்ச் பிடித்தார். வெளிச்சம் சாக்கெட்டின் மேல் நிற்கவில்லை.

"மேடம், விட்டுடலாம். டிக் தான் போட்டிருக்கே. கார்டு பழுதுன்னு எழுதிட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

"வாய மூடிட்டு வெளிச்சத்த ஆட்டாம பிடிங்க."

பிராசஸரை எடுத்தேன். சாக்கெட்டின் மேல் பாதுகாப்பு மூடியைப் போட்டேன். இரண்டாவது பிராசஸர் இல்லாத இடத்தில் காற்று திசை மாறாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கட்டி வைக்க வேண்டும். அது என் பையில் இல்லை. பையைத் தரையில் கவிழ்த்தேன். இல்லை. பன்னிரண்டு முப்பத்தொன்று. விளக்கு அணைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. என் வாழ்நாளில் எந்தச் சாமியையும் அப்படி நான் கூப்பிட்டதில்லை. மினுக்கியது. பிளாஸ்டிக் கட்டி போனால் போகட்டும், பத்து நிமிடத்துக்கு ஒன்றும் உருகிவிடாது. பேட்டரி வயரில் விரல் படாமல் கார்டைத் தூக்கி, அதன் பொன்முலாம் பற்கள் கார்டு சொருகும் இடத்தின் வாயைப் பார்க்க வைத்து அழுத்தினேன். கிளிக் என்றது.

"ஆன் பண்ணுங்க."

விசிறிகள் ஊளையிட்டன. திரை கறுப்பாகவே இருந்தது. இந்த சர்வர்கள் தங்கள் மெமரியை முழுக்க எண்ணிப் பார்த்த பிறகுதான் வாய் திறக்கும். ஆறு நிமிடம் ஆகும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், செத்துவிட்டது செத்துவிட்டது என்று மனசு அடித்துக்கொண்டது. ஈஸி வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொட்டு விழுகிற சத்தம் விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பன்னிரண்டு நாற்பதுக்குத் திரையில் எழுத்து வந்தது. ஒரு பிராசஸர்தான் இருக்கிறது என்று எச்சரித்தது. தெரியுமடி, மேலே போ. அடுத்த வரி: கேஷில் எழுதப்படாத தரவு இருக்கிறது. அதற்கடுத்த வரி: டிஸ்கில் எழுதப்பட்டது.

கார்டைப் பார்த்தேன். பச்சை அணைந்திருந்தது. இந்த முறை அணைய வேண்டியதால் அணைந்திருந்தது.

எனக்கு அழுகை வந்தது. ஈஸி கையைத் தட்டினார். லேப் புரோகிராம் மேலே வர இன்னும் ஒன்பது நிமிடம். பத்தே முக்கால், ஆறு பேர். ஐந்தாவது வரியில் வயது ஆறு, பெண். பிரிண்டரிலிருந்து தாள் முழுசாக வெளியே வருவதற்குள் உருவிக்கொண்டு ஓடினேன். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சர்வரில் பாயாமலிருக்க மணிக்கட்டில் மாட்டிய ஆன்டி ஸ்டேட்டிக் பட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன்; அதன் சுருள் வயர் பின்னாலேயே தரையில் இழுபட்டு வந்தது. வராந்தா பெஞ்சில் யாரும் இல்லை. சின்னச் செருப்பு ஜோடி மட்டும் இருந்தது.

குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். சத்தம் எதுவும் இல்லை. அப்பாடா, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துத் திரையை விலக்கினேன்.

குழந்தை ஒருக்களித்து, முழங்காலை மார்போடு மடக்கிப் படுத்திருந்தது. நர்ஸ் அதன் முதுகில் பஞ்சை வைத்து பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, விக்கல் மட்டும் மிச்சமிருந்தது. தட்டில் ஒரு சின்னக் குப்பி. லேப் அக்கா அதை எடுத்துக்கொண்டு போக நின்றிருந்தார்.

நான் நீட்டிய தாளை டாக்டர் வாங்கிப் படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார்.

"இது காலையில எடுத்ததோட ரிசல்ட். இல்லன்னு சொன்னாங்களே?"

லேப் அக்கா என்னைப் பார்த்தார். இப்போதுதான் கிடைத்தது, அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

"இருந்துச்சு" என்றேன். "அக்கா வந்து கேட்டப்பவே கார்டுல விளக்கு எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியும். பாக்காம டிக் போட்டது வெளிய தெரிஞ்சிடுமேன்னு சொல்லல."

கட்டிலின் அந்தப் பக்கம், குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டு, செருப்புக்காரப் பெண் நின்றிருந்தாள். "என்ன சொல்றாங்க இவங்க?" என்று கேட்டாள்.

லேப் அக்கா மெல்லச் சொன்னார். "முதல் ஊசியோட ரிசல்ட்டே கிடைச்சிடுச்சும்மா. சொல்லியிருந்தா டாக்டர் காத்திருந்திருப்பார். ரெண்டாவது போட வேண்டியதே இருந்திருக்காது."

அந்தத் தாய் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் மணிக்கட்டில் தொங்கிய வயரைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் தலைமுடியைக் கோதிவிட்டாள். என் பையில் போன் அதிர்ந்தது. கொழுந்தனாகத்தான் இருக்கும். அவருக்கும் இதையே சொல்ல வேண்டும்.

"அம்மா" என்றது குழந்தை, சுவரைப் பார்த்தபடியே. "இன்னொண்ணு இருக்கா?"

"இந்த ஆன்ட்டியக் கேளு" என்றாள் தாய். "அவங்களுக்குத்தான் தெரியும்."

இல்லடா கண்ணு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் திரும்பினேன். "இனிமே ஊசி தேவைப்படுமா டாக்டர்?"

அவர் தாளை இன்னொரு முறை பார்த்தார். "வேண்டாம். மருந்தை இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வேண்டாம்."

கட்டிலைச் சுற்றிப் போய், குழந்தையின் முகத்துக்கு நேரே மண்டி போட்டேன். "இல்லம்மா. இன்னொண்ணு இல்ல. டாக்டரைக் கேட்டுட்டேன்."

"நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

அவள் நம்பவில்லை. என்னைப் பார்த்தபடியே ஒரு கையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய், முதுகில் ஒட்டிய பஞ்சின் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.